ஐஸ் தொட்டியில் மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் தலை என் இடது முழங்கை மடிப்பில் கிடந்தது. கழுத்துக்குக் கீழே முழுக்க ஐஸ் தண்ணீர். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் தங்கை சுமதி.

“வெளிய எடுங்ணா! என்ற ஊட்டுக்காரரக் கொன்னுபோடாதீங்ணா!”

சுற்றிலும் ஒரே மாதிரி பனியன் போட்ட கூட்டம். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஒருவர், என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஓடி வருகிறவர்களை உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். ஐஸ் துண்டுகள் தொட்டியின் ஓரத்தில் இடிக்கும் சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை சிரிப்பாகவே எழுதிவந்தேன். போன வாரக் கதையைப் படித்துவிட்டு மாப்பிள்ளைதான் கேட்டார், “என்ற கதைய எப்பங்க எழுதுவீங்க மச்சான்?” என்று. சுமதியிடமும் கேட்டுக்கொண்டேன். “எழுதுங்க. ஆனா நான் உங்கள அடிச்சத மட்டும் எழுதக்கூடாது” என்றாள். அடித்தாள். முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள்.

தறிக்காரரும் பனியன்காரனும்

மாப்பிள்ளை சம்பத்துக்குச் சோமனூரில் விசைத்தறி. நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆர்டர் பார்க்கும் வேலை. சுமதியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே சண்டைதான்.

“உங்க பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வருமுங்க மச்சான். எங்க காடாத் துணி அப்படியில்ல. நின்னா நின்னதுதான்” என்பார். காடா என்பது தறியிலிருந்து வெளுக்காமல் இறங்கும் முரட்டுத் துணி. அதைத்தான் அவர் மனிதக் குணத்துக்கு உதாரணம் காட்டுவார்.

இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டித்தான் ஓட ஆரம்பித்தோம். அவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. எனக்கு வயிறு எட்டிப் பார்த்தது. ஆரம்பத்தில் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஓடி, மூச்சு வாங்கி, டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவோம். பிறகு அவருக்கு வெறி பிடித்துவிட்டது. அவரால் எதையும் பாதியாகச் செய்ய முடியாது. தறி ஓடினால் நிற்காமல் ஓடவேண்டும், அவரும் அப்படியே.

சுமதி ஓட்டத்துக்குத் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள். ஓடி முடித்தாலும் சரி, ஓடப் போனாலும் சரி, ஐஸ் போட்டது எதுவும் வாயில் படக்கூடாது.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவு இருக்கும். மல்லிகைப்பூ இருக்கும். அம்மாவின் கண் சொட்டு மருந்து இருக்கும். தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்காது. வந்த புதிதில் என் மனைவி ஒரு பாட்டிலை வைத்தாள். சாயங்காலம் அது அடுப்படித் திட்டில், வெளியே நின்றுகொண்டிருந்தது. அவள் மறுபடி வைக்கவில்லை.

காரணம் எங்கள் அப்பா.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில், துணிக்கு நீராவி காட்டி உருளையில் தேய்த்தெடுக்கும் பிரிவில் இருந்தார். தகரக் கூரை. மேலே வெயில், கீழே ஆவி. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளிக்கூட லீவில், அம்மாவைப் பெற்ற அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். சுமதி தொட்டில் பிள்ளை. அதனால் இது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அம்மாவை யாரோ ஆம்பளை என்று நினைத்து, “வால்வ மூடு, வால்வ மூடு” என்றாராம். தொட்டால் தோசைக்கல் மாதிரி இருந்ததாம். அம்மா பதறிப்போய் முக்குக் கடைக்கு ஓடினாள். ஐஸ்பெட்டிக்குள் கிடந்த கோலி சோடா ஒன்றை வாங்கி, கடைக்காரரையே உடைத்துத் தரச் சொல்லி, ஓடி வந்து வாயில் வைத்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

எழவுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “காயற ஒடம்புக்குள்ள ஐஸ் சோடா போனா நெஞ்சு படக்குனு அடைச்சிரும். பாவம், அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்.”

அந்தப் புள்ளை என்றது அம்மாவை. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதன்பிறகு குளிர்ந்தது எதையும் தொடவும் இல்லை. கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால் தட்டோடு நகர்த்தி வைத்துவிடுவாள். சுமதி இதைப் பார்த்தே வளர்ந்தவள். அப்பா முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததே அந்தச் சோடாதான்.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கோயம்புத்தூரில் ஓர் ஓட்டத்துக்குப் போன இடத்தில்தான் அது போயிற்று. என் கண்ணெதிரே ஓர் இளைஞன் விழுந்தான், கண் செருகிவிட்டது. அங்கிருந்தவர்கள் அவனைத் தூக்கி ஐஸ் தண்ணீர் நிரப்பிய ரப்பர் தொட்டியில் போட்டார்கள். கதை முடிந்தது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்து, தன் ஷூவைக் காணோம் என்று தேடினான்.

அங்கே இருந்த டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். உடம்புச் சூடு மூளைக்கு ஏறிவிட்டால் ஆம்புலன்ஸுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், முதலில் குளிரவையுங்கள், பிறகு தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னார். இதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சோடாவைப் பற்றிப் பேசவேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பொணத்துக்கு வைக்கிற ஐஸ்

எங்கள் வட்டாரத்து ஓட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தோம். அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்பி, சேவூர் சாலையில் போய்த் திரும்பி வரவேண்டும். பத்து கிலோமீட்டர். வாயாடிகளைக் கமிட்டியில் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதனால் நான் ஓடவில்லை, கமிட்டியில் இருந்தேன்.

முதல் கூட்டத்திலேயே ஐஸ் தொட்டி வேண்டும் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, பொணத்துக்கு வெக்கற ஐஸ ஓட்டப் பந்தயத்துக்கு எதுக்குங்க?” என்றார் பொருளாளர்.

எங்கள் பக்கத்தில் பாளம் பாளமாக ஐஸ் வாங்கினால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை வைத்திருக்க வாங்குவார்கள். மங்கள காரியத்தில் அபசகுனம் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் சத்தம் போட்டேன். சத்தம் போடுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். கடைசியில், செலவு என்னுடையது என்றால் சரி என்றார்கள்.

தொட்டிக்கு எங்கே போவது? சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கைகொடுத்தார். பட்டறையில் சாயம் போட்ட ஈரத் துணியை அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போக, சக்கரம் வைத்த பெரிய தொட்டி இருக்கும். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். “கழுவித்தானுங்க அனுப்பியிருக்கறோம்” என்று போனில் சொன்னார். தொட்டியையும் ஐஸையும் டெம்போவில் கொண்டுவந்து இறக்கியவர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், திருப்பூருக்கு வந்து வெகுகாலம் ஆகியும் பேச்சு மாறாதவர்.

நல்ல கனமுங்க

திருப்பூரில் யார் கையிலாவது ஒரு பனியனைக் கொடுத்துப் பாருங்கள். போட்டுப் பார்க்கமாட்டார். முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். தையலைப் பார்ப்பார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து எடை சொல்வார்.

அன்றைய பந்தயத்துக்கு ஒரு கம்பெனி இலவசமாகப் பனியன் கொடுத்தது. ஏதோ குளிர் நாட்டு ஆர்டரில் மிஞ்சியது. முழுக்கை. தடித்த துணி. நெஞ்சு முழுக்கக் கம்பெனிப் பெயரை ரப்பர் பிரிண்டில் பலகை மாதிரி அடித்திருந்தார்கள். காற்று அதற்குள் போகவே போகாது.

வந்த ஓட்டக்காரர்கள் அத்தனை பேரும் உள்பக்கம் திருப்பித் தேய்த்துப் பார்த்தார்கள். “நல்ல கனமுங்க!” என்று மெச்சினார்கள். கனமாக இருந்தால் தரம் என்பது எங்கள் ஊர்ப் புத்தி. வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடவேண்டும் என்பது துணியை எடைபோட்ட ஒருவர் மூளையிலும் ஏறவில்லை. எல்லோரும் அதைப் போட்டால்தான் போட்டோ நன்றாக இருக்கும் என்று மைக்கில் வேறு அறிவித்தார்கள்.

மாப்பிள்ளை மட்டும், “பனியன்காரங்க குடுத்தது, வேண்டாம்னு சொன்னா மச்சானுக்குக் கோவம் வந்துருமல்ல” என்று கிண்டலடித்துக்கொண்டே மாட்டினார்.

விடிந்ததும் கிளம்பவேண்டிய பந்தயம். சிறப்பு விருந்தினர் வரவில்லை. “கெளம்பீட்டாருங்க” என்றார்கள். பிறகு “பக்கத்துல வந்துட்டாருங்க” என்றார்கள். ஒரு குடம் வியர்வை அங்கேயே எல்லோருக்கும் போய்விட்டது. அவர் வந்தபோது எட்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கப்புறம் பொன்னாடை. அதற்கப்புறம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச்சு. அவருக்கு மேலே பந்தல், ஓடுகிறவர்களுக்கு மேலே வானம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மைக்கைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டிருப்பேன்.

எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஐஸை நொறுக்கிக் கலந்து கூழ் மாதிரி ஒரு கேன் நிறைய வைத்திருந்தேன். ஓடுவதற்கு முன்னால் அதைக் குடித்தால் உள்ளே குளிர்ந்து, சூடு ஏறக் கொஞ்சம் தாமதமாகும். எங்கள் ஆட்கள் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிப் போனார்கள். பீகாரிலிருந்து வந்து, பனியன் துணி பின்னும் நிட்டிங்கில் வேலை செய்கிறவர்கள்தான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்கள்.

மாப்பிள்ளை டம்ளரை வாங்கினார். வெளியே துளிர்த்திருந்த ஈரத்தை விரலால் வழித்துப் பார்த்தார். அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“சுமதி சத்தியம் வாங்கியிருக்குதுங்க மச்சான்.”

“அவ எங்கியோ தள்ளி நிக்கறா மாப்ள. பாக்கமாட்டா.”

“நான் பாப்பனுங்களே” என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றார்.

நாடா மாட்டிக்கிச்சு

முன்னால் ஓடியவர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அவர்களோடு வரவேண்டியவர். காணவில்லை. நான் முடிக்கும் கோட்டைத் தாண்டிச் சாலையில் நடந்தேன். தார் செருப்பில் ஒட்டியது.

தூரத்தில் அவர் வந்தார். நேராக வரவில்லை. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

“நாடா மாட்டிக்கிச்சு. மோட்டர நிறுத்து” என்றார்.

தறியில் ஊடுநூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் கட்டையைத்தான் நாடா என்றார். எப்போதும் கிண்டல் பேசுகிறவர்தானே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் என்னை ஒருநாளும் ‘நிறுத்து’ என்று சொன்னதில்லை. ‘நிறுத்துங்க’ என்றுதான் சொல்வார். முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நான் இல்லை.

“மோட்டர நிறுத்துடா. நூலு அறுந்துட்டே போவுது.”

வால்வ மூடு, வால்வ மூடு. அம்மா ஒரே ஒரு தடவை சொல்லி, என் காதில் தங்கிவிட்ட அந்தக் குரல் அப்போது கேட்டது. மாப்பிள்ளையின் கழுத்தில் கை வைத்தேன். தோசைக்கல்.

அடுத்த நொடி அவர் என்மேல் சாய்ந்தார்.

நான் கத்திய கத்தலில் அந்தோணி டெம்போவிலிருந்து குதித்து ஓடி வந்தார். “அண்ணாச்சி, கால நான் பிடிக்கேன். நீங்க தலையப் பிடிங்க. யோசிக்காதிய, தூக்குங்க!” இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தப் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை. அந்தோணி கத்தியால் கிழித்தார். முழுத் துணியும் சுடுதண்ணீரில் முக்கியது மாதிரி இருந்தது.

தொட்டியில் இறக்கினோம். மிச்சம் இருந்த ஐஸையெல்லாம் மேலே கொட்டச் சொன்னேன்.

அப்போதுதான் சுமதி வந்தாள். கையில் இளநீர். புருஷனுக்கென்று சீவி வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். தொட்டியைப் பார்த்தாள். ஐஸைப் பார்த்தாள். நடுவில் அவர் முகம்.

இளநீரை அவர் வாயில் வைக்கப் பாய்ந்தாள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். இளநீர் உருண்டு போயிற்று.

“ஐஸு எதுக்கு வெப்பாங்கன்னு தெரியாதாங்ணா உங்களுக்கு? அப்பா ஒரு வாய் குடிச்சதுக்கே போயிட்டாரு! இவர முழுசா முக்கி வெச்சிருக்கீங்களே!”

“சுமதி, சொன்னாக் கேளு. சூடு எறங்கோணும்.”

“டாக்டரா நீங்க? எடுங்ணா!”

கூட்டமும் அவள் பக்கம்தான் இருந்தது. “அந்தப் புள்ள சொல்றது சரிதானுங்க, ஜன்னி கண்டுரும்” என்றார் ஒருவர். “மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்றார் இன்னொருவர். தூக்கிக்கொண்டு போக வண்டி எங்கே? எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டக்காரர்கள் திரும்பும் முனையில் நின்றது. நடுவில் சாலை முழுக்க ஆட்கள். போனில் கூப்பிட்டால், “வந்துட்டே இருக்கறனுங்க” என்ற குரலும் ஹாரன் சத்தமும் மட்டும் கேட்டன.

அடி விழுந்தது அப்போதுதான். வலிக்கவில்லை. அவர் தலை தண்ணீருக்குள் போய்விடக்கூடாது என்பது ஒன்றே எனக்குள் இருந்தது. இவர் போய்விட்டால் நான்தான் கொன்றவன். அம்மா ஒரு வாய் சோடாவுக்காக ஒரு ஆயுளைக் கழித்தாள். நான் ஒரு தொட்டிக்கு எத்தனை ஆயுள் கழிப்பது? எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் கை தளர்ந்தது உண்மை.

நீலம்

“அய்யோ, நீலம் பாஞ்சிருச்சு!”

சுமதியின் அலறலில் கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல் நுனிகள் நீலமாக இருந்தன. நகக்கண் எல்லாம் நீலம். உதட்டோரத்திலும் நீலம். விஷம் ஏறியவர்களைப் பற்றிச் சொல்வார்களே, அந்த நீலம். குளிர் உள்ளே போய்விட்டது, நெஞ்சு நின்றுவிட்டது, எழவு வீட்டில் அந்த உறவுக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. அவர் மூக்கடியில் விரல் வைக்க, தண்ணீருக்குள் இருந்த என் வலது கையை எடுத்தேன்.

என் கையும் நீலமாக இருந்தது.

அந்தோணியைப் பார்த்தேன். அவரும் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு விழித்தார். முழங்கை வரைக்கும் நீலம்.

“அண்ணாச்சி, நானும் சாவப்போறேனா?” என்றார்.

சுமதி அழுகையை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு முன் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். துணியில் ஒரு நூல் நிறம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். குனிந்தாள். தொட்டியின் உள்மூலையில் விரலை விட்டுத் தேய்த்தாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நேவி ப்ளூ” என்றாள். “நேத்து இதுல நேவி ஓட்டியிருக்காங்க. கழுவவே இல்ல, திருட்டுப் பசங்க.”

என் விரலை அவர் மூக்கடியில் வைத்தேன். மூச்சு வந்தது. சுமதியின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். சுமதி அதை எடுக்கவே இல்லை. அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். என் எதிரே தொட்டியருகில் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் ஐஸ் தண்ணீரை அள்ளி அவர் தலையில் ஊற்றினாள். கண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் அள்ளி அள்ளி ஊற்றினாள்.

“போதுங்கறப்ப சொல்லுங்ணா” என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு உதறல் எடுத்திருந்தது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. கண் உருண்டு, தேடி, அவள் முகத்தில் வந்து நின்றது.

“குளுருது சுமதி” என்றார்.

அவள் வாய்விட்டு அழுதாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, “ஐஸ் நான் குடிக்கலீங்க மச்சான், சொல்லீருங்க” என்று அவர் என்னிடம் முனகியதை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பெட்டி நிறைய

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் நகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டாக்டரை இழுத்து வந்தார். சாயம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிறுநீரகம் தாங்குமா என்று சில நாட்கள் எங்களைப் பதறவைத்தார்கள். தாங்கியது.

டாக்டர் சுமதியிடம்தான் சொன்னார். “ஐஸ்ல போட்டதாலதாம்மா மனுசன் பொழைச்சாரு. அந்தச் சூடு தலையில அப்படியே நின்னிருந்தா, இங்க கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்ல.”

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். வராந்தா பெஞ்சில் எனக்கும் சுமதிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சுமதி நடந்ததைச் சொன்னாள். நாடா, மோட்டர் என்று அவர் பிதற்றியதாக நான் சொன்னதைச் சொன்னாள். உடம்பு கொதித்ததைச் சொன்னாள். பிறகு, எங்கள் வீட்டில் யாரும் பேசாததைப் பேசினாள்.

“அம்மா, அப்பாவுக்கும் இதேதானுங்ம்மா ஆயிருக்கோணும். வீட்டுக்கு வரும்போதே ஆயிருச்சு. சோடாவால இல்லீங்ம்மா. நீங்க ஒண்ணும் பண்ணலீங்ம்மா.”

இத்தனை வருஷம் கழித்து அம்மாவின் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்தச் சோடாவ வாயில குடுக்காம, தலையில ஊத்தியிருந்தா?” என்றாள்.

சுமதி என்னைப் பார்த்தாள்.

“ஒரு சோடா பத்தாதுங்ம்மா” என்றேன். “தொட்டி நெறைய வேணும்.”

“கடையில ஐஸ்பெட்டி இருந்துச்சே கண்ணு. பெட்டி நெறைய ஐஸு. நான்தானே கைய உட்டு எடுத்தேன்.”

“அப்ப அது யாருக்குமே தெரியாதுங்ம்மா” என்றேன். அம்மா தலையாட்டினாள். சுமதி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சாயம் போகாத நீல விரல்களால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை தேறி, முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியானம். நல்ல வெயில். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கோலி சோடாக்கள் வரிசையாக நின்றன. எப்போது போய் வாங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

கட்டையை வைத்துத் தானே அழுத்தி உடைத்தாள். கோலி கீழே இறங்கிய சத்தத்தில் சுமதி திடுக்கிட்டு எழுந்தாள். அம்மா பாட்டிலை நீட்டினாள். சோடா பொங்கி அவள் விரல் வழியாக வழிந்தது.

மாப்பிள்ளை சுமதியைப் பார்த்தார். சத்தியம் இருக்கிறதே. சுமதி தலையை அசைத்தாள்.

அவர் குடித்தார். ஒரு வாய் உள்ளே இறங்கியது. அம்மா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வாய். மூன்றாவது. கோலி உருண்டு கழுத்தில் வந்து நிற்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தார்.

காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு அம்மா அங்கேயே நின்றாள்.

மாப்பிள்ளை புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இன்னொண்ணு இருக்குதுங்களா அத்தை?”